கூடக் குறைய

ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்லத் தெரியாதவர்களை நான் மதித்ததில்லை. மேடை என்னை அப்படி வளர்த்திருக்கிறது. தலைப்பைச் சொல்லி, சீட்டைக் குலுக்கி, 'நீ இந்தப் பக்கம்' என்று நடுவர் கைகாட்டிய மறுநொடியில் அந்தப் பக்கத்து நியாயங்கள் அனைத்தும் என் நாவில் அணிவகுத்து நிற்க வேண்டும், நிற்கும். மதுரையில் நான் படித்த கல்லூரியின் முதல்வர் அறையில், நான் வென்று கொடுத்த கோப்பைகள் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கின்றன. இதைத் தற்பெருமை என்று கொள்பவர்கள் கொள்ளட்டும். எந்தப் பக்கமும் சாயாத ஒருவரைப் பற்றி எழுத வருகிறவன், தான் எங்கே நிற்கிறான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் எங்கள் ஊரில் யாருக்கும் அடையாளம் தெரியாது. ஊர் அவருக்கு வைத்த பெயர் வேறு: 'கூடக்கொறய மேடம்'.

நிலவியல் ஆய்வாளர். சேலம் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கலாம். திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டி செல்லும் சாலையை விட்டு விலகி, உள்ளொடுங்கிக் கிடக்கும் எங்கள் ஊருக்கு ஒரு நிலப்பிளவை அளக்க வந்தார். பாறை இரண்டாக உடைந்து, உடைந்த இரு பக்கமும் ஒன்றையொன்று உரசி நகரும் இடத்துக்கு நிலப்பிளவு என்று பெயர். எங்கள் ஓடைக்கு அடியில் அப்படி ஒன்று இருப்பதாக ஏதோ பழைய வரைபடத்தில் கோடு போட்டிருந்ததாம். அது நகருகிறதா, நகர்ந்தால் என்ன வேகத்தில் நகருகிறது என்பதே அவர் கொண்டுவந்த கேள்வி.

வந்த வாரமே டீக்கடை வீரணன் அண்ணன் கேட்டுவிட்டார்.

"மேடம், நம்மூர்ப் பூமி எம்புட்டு வேகத்துல நகருது?"

"இன்னும் அளக்கலண்ணே. இந்தப் பக்கத்துப் பாறை ரொம்பப் பழசு. ஆயிரம் வருஷத்துக்கு ஒரு நகத்தோட தடிப்பு நகரலாம். கூடக் கொறய இருக்கும்."

"கூடன்னா எம்புட்டு, கொறயன்னா எம்புட்டு?"

"கூடன்னா நாலஞ்சு நகம். கொறயன்னா நகரவே இல்ல."

பெஞ்சில் இருந்தவர்கள் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்கள். "இதச் சொல்லவா சம்பளம் கொடுத்து அனுப்பியிருக்காக? இத நானே சொல்லுவனே!" என்றார் வீரணன் அண்ணன். ஆய்வாளரும் சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம்ணே" என்றார். கேலிக்கும்கூட முழுச் சம்மதம் கொடுக்க அவருக்கு வரவில்லை.

அன்றிலிருந்து அந்தப் பெயர். அவருக்கு மதியச் சோறு ஆக்கிப் போட்டது எங்கள் தெரு மூக்காயி அத்தை. கணவர் இறந்தபின், அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் தனியாக இருப்பவர். "கொழம்புல உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டால், "என் நாக்குக்குச் சரியா இருக்குக்கா" என்பார் இவர். அத்தைக்குப் பொறுக்காது. "நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொன்னா வாய் என்ன வெந்தா போகும்? கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரில்ல பேசுறீக!"

அவர் வேலை செய்த விதமும் அப்படித்தான் இருந்தது. ஓடைக்கரையில் ஆள் உயரத்துக்கு ஒரு நீளக் குழி வெட்டினார்கள். கப்பலூர்ப் பட்டறையில் அறுத்து வாங்கிய இரும்புக் குழாய்களைக் குழியின் பக்கச் சுவரில் சம்மட்டியால் அடித்து இறக்கி, உள்ளே சிக்கிய மணலோடு உருவி எடுப்பார்கள். உருவும்போது மணலில் ஒரு துளி வெளிச்சம் படக் கூடாது. அதற்காக உச்சி வெயிலில் கறுப்புத் தார்ப்பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு குழிக்குள் குனிந்து கிடப்பார். நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் கரையில் நின்று பார்ப்பார்கள்.

"எதுக்குடி இந்த வேக்காட்டுல முக்காடு?"

"மணலுக்கு வெயில் படக் கூடாதாம்."

"ஆமா, பட்டா மேனி கறுத்துரும். அதுக்கு நாளைக்குப் பொண்ணு பாக்க வாராக!"

தார்ப்பாய்க்குள்ளிருந்து அவர் சிரிப்பது வெளியே கேட்டது.

புதைந்து கிடக்கும் மணல், தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் மெல்லிய கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகத் தனக்குள் சேர்த்துவைத்துக்கொண்டே இருக்குமாம். வெயில் பட்டால் சேர்த்தது அத்தனையும் கணத்தில் அழிந்துவிடும். இருட்டிலேயே எடுத்துச் சென்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தால், அந்த மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது, அதாவது எப்போது புதைந்தது என்று தெரியும். குழியின் அடியில் இருந்த சரளை அடுக்கு, பிளவின் இரு பக்கமும் ஒரு சாண் மேலும் கீழுமாக விலகியிருந்தது. விலகிய தூரத்தைச் சரளையின் வயதால் வகுத்தால் பிளவு நகர்ந்த வேகம் கிடைக்கும். ஆனால் அந்தச் சரளைக்கு மேலே படிந்திருந்த மணல் அடுக்கு, எங்கும் வெட்டுப்படாமல் நேராக ஓடியது. அந்த மணல் படிந்த பிறகு பிளவு அந்த அடுக்கை உடைக்கவில்லை என்று அதற்குப் பொருள்.

எனக்கு இது போதுமானதாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கீழக்குயில்குடிக்கு அழைத்துப் போயிருந்தேன். சமணர் மலையில் ஏறி, துறவியர் படுக்கைகளைக் காட்டி, அசையாத கல்லையும் அசையும் மனிதரையும் பற்றி நானறிந்த நல்ல தமிழில் கொஞ்சம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல் அசையலன்னு யாரு கூடவே இருந்து பாத்தா தம்பி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நீங்க பாத்துட்டீங்களே. மேல் மணல் வெட்டுப்படல. அப்ப நம்மூர்ப் பிளவு இப்ப நகரலன்னுதானே அர்த்தம்? ஆமாவா, இல்லையா?" என்று மடக்கினேன்.

"நம்மூருக்கு வர்ற மினி பஸ் இருக்குல்ல. அது ஒரு வருஷத்துல ஓடுன தூரத்த வருஷத்தால வகுத்தா ஒரு வேகம் கிடைக்கும். அந்தக் கணக்க வச்சுக்கிட்டு, பஸ் இந்த நிமிஷம் ஓடுதா நிக்குதான்னு சொல்ல முடியுமா? பஸ்ஸப் போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

எதிரணியில் நின்று இவர் இப்படிப் பேசியிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். ஆனால் இவர் எந்த அணியிலும் நிற்கவில்லை. மலையிலிருந்து இறங்கும்போது எனக்குள் ஏதோ ஓர் உறுத்தல் தொடங்கியிருந்தது.

உறுத்தலுக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊருக்குத் தெற்கே பாறைக் கரட்டில் ஒரு கல்குவாரி. நண்பகலில் வெடி வைப்பார்கள். எங்கள் தெருவின் தொகுப்பு வீடுகளில் பாத்திரம் அதிரும். சுவரில் விரிசல் விழும். மூக்காயி அத்தை வீட்டுச் சமையற்கட்டுச் சுவரில் விழுந்த விரிசலில் விரலை நுழைக்கலாம். வெடியை நிறுத்தச் சொல்லி மனு எழுதியவன் நான். மனுவுக்குக் குவாரித் தரப்பு கொடுத்த பதிலோ எங்கள் வாயை அடைத்தது. 'இந்தப் பகுதியில் பூமியே நகருகிறது; நிலப்பிளவு இருக்கிறது; அதை அளக்க ஆய்வாளரே வந்து தங்கியிருக்கிறார்; விரிசலுக்கு இயற்கையே காரணம்.'

அவர் வந்ததே அவர்களுக்கு வாதமாகிவிட்டது. தெரு ஆண்கள் அவரை வழிமறித்தார்கள்.

"நீங்க வந்து குழி வெட்டப்போயித்தான மேடம் அவிங்களுக்குப் பேச வாய் வந்துச்சு? பூமி நகரலன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

மறுநாள் அவர் ஒரு பெட்டியோடு வந்தார். அதில் மெல்லிய கண்ணாடித் துண்டுகள். வீடு வீடாகப் போய், விரிசலின் குறுக்கே ஒவ்வொரு துண்டைப் பசை வைத்து ஒட்டினார். சுவர் இம்மியளவு விலகினாலும் கண்ணாடி உடையும். எந்த வெடிக்குப் பிறகு எது உடைகிறது என்று கவனித்தால் உண்மை தெரியும். இது அவருடைய வேலை இல்லை, அவராக எடுத்துக்கொண்டது. ஒட்டி முடித்துவிட்டு, மணல் குழாய்களை எடுத்துக்கொண்டு, வயது காண்பதற்காக வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். பொங்கல் கழித்து வருவதாகச் சொன்னார். அதிகாரி நேரில் வந்து மனுவை விசாரிக்கும் நாளும் பொங்கல் கழித்தே என்று தகவல் வந்தது.

கண்ணாடிகள் உடைந்தன. மார்கழியில் ஒரு நண்பகல் வெடியில், அத்தை வீட்டுக் கண்ணாடி படீரென்று உடைந்ததைத் தெருவே நின்று பார்த்தது. 'சாட்சி கிடைச்சிருச்சு மாப்ள' என்று எனக்கு அலைபேசியில் சொன்னார்கள். மதுரை விடுதி அறையில் உட்கார்ந்து, விசாரணைக்கான என் உரையை அன்றே எழுதத் தொடங்கினேன்.

அவரும் நானும் ஒரே நாளில் ஊர் திரும்பினோம். தெரு வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. அத்தை வீட்டுச் சமையற்கட்டில் விரிசலைக் காணோம். சிமென்ட் வைத்துப் பூசி, மேலே சுண்ணாம்பு. அதன் நடுவே, அவர் ஒட்டிய அதே இடத்தில், முழுசாக ஒரு கண்ணாடித் துண்டு மின்னியது.

"உடைஞ்சதுன்னு சொன்னாங்களே?" என்றார்.

"ஒடஞ்சதுதான். ஒடஞ்ச கண்ணாடிய வச்சுக்கிட்டு யாராச்சும் பொங்கப் பானை வைப்பாகளா? வீட்டுக்கு ஆகாதுல்ல. எடுத்துக் குப்பையில போட்டாச்சு." அத்தை சொன்னதில் குற்றவுணர்வு இல்லை, ஒருவகைப் பெருமிதமே இருந்தது. "நீங்க ஒட்டுன எடம் மூளியா இருக்கக் கூடாதேன்னு, திருமங்கலத்துல படத்துக்குச் சட்டம் போடுற கடையில அறுத்து வாங்கி நாங்களே ஒட்டிட்டோம். எல்லா வீட்டுலயும்."

"விரிசலயும் பூசிட்டீங்களே அக்கா."

"ஆபீசர் வாராகன்னு சொன்னாக. வீட்டுக்கு ஒரு மனுசர் வர்றப்ப ஓட்டச் சுவத்தவா காட்டுறது?"

அவர் அந்தப் புதுக் கண்ணாடியை விரலால் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

வாசலில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, ஒரே ஒரு வாக்கியம். வெடியிலதான் கண்ணாடி உடைஞ்சுச்சுன்னு சொல்லுங்க. அது உண்மை."

"உடைஞ்சத நான் பாக்கலையே தம்பி."

"தெருவே பாத்துச்சு."

"அப்ப தெரு சொல்லட்டும். நான் பாத்தேன்னு எப்பிடிச் சொல்ல?"

விசாரணை பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. அதிகாரி வீடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "வீடெல்லாம் நல்லாத்தானே இருக்கு?" என்றார். தெரு மக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குவாரித் தரப்பு வழக்கறிஞர் எழுந்து ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டார்:

"பூமி நகராத இடத்துல, நகர்வை அளக்க நீங்க ஏன் வந்தீங்க?"

"நகருதான்னு பாக்க வந்தேன்."

"நகருதா?"

"கடைசியாப் படிஞ்ச மணலை அது வெட்டல. அந்த மணலுக்குப் பல ஆயிரம் வருஷம் வயசு. கூடக் கொறய."

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். அதிகாரி குறுக்கிட்டார். "அப்ப விரிசலுக்கு நிலப்பிளவு காரணம் இல்ல. வெடிதான் காரணம். இதத்தானே சொல்றீங்க?"

ஒரு சொல் போதும். வராந்தா முழுவதும் அந்தச் சொல்லுக்காக அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. மூக்காயி அத்தை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"விரிசலுக்கு என்ன காரணம்னு நான் அளக்கல சார். அளக்க வச்சது மாறிப்போச்சு. வெடியா இருக்க நெறய வாய்ப்பு இருக்கு. ஆனா இப்ப உறுதியாச் சொல்ல முடியாது."

வழக்கறிஞர் புன்னகையோடு உட்கார்ந்தார்.

அப்போது நான் எழுந்தேன். அன்று பேசியதைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பேசியதில்லை. மண் நகரவில்லை, மனச்சாட்சிதான் நகர்ந்துவிட்டது என்று தொடங்கினேன். வராந்தா அதிர்ந்தது, பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள், வழக்கறிஞர்கூடத் தலையசைத்தார். அதிகாரி கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லாப் பேசுனீங்க தம்பி. கையில ஏதாவது அளவு இருக்கா?" என்றார். இல்லை. என்னிடம் எல்லாம் இருந்தது. அது மட்டும் இல்லை.

ஆய்வாளர்தான் வழி சொன்னார். அதிர்வு அளக்கும் கருவியை அதிகாரிகள் முன்னிலையில் வைக்கலாம், விரிசலைத் திறந்து கண்ணாடியைப் புதிதாக ஒட்டலாம், மூன்று மாதத்தில் சொல்லிவிடலாம் என்றார்.

"அதுவரைக்கும் வெடிய நிறுத்திரலாமா?" என்றார் அதிகாரி.

"நிறுத்துனா அளக்க ஒண்ணும் இருக்காது சார். வழக்கம்போல வெடிக்கணும்."

"அடியாத்தே!" என்றார் மூக்காயி அத்தை. கலையும்போது வீரணன் அண்ணன் என் காதில் சொன்னார்: "பாம்பு விஷமா இல்லையான்னு பாக்க, இன்னொருக்காக் கடிக்கச் சொல்லுது மாப்ள இந்தம்மா."

அந்த வாரங்களில் அத்தை அவருக்குச் சோறு ஆக்கவில்லை. அவர் டீக்கடையில் பன்னைத் தின்றுவிட்டு, நண்பகல் வெடி முடிந்ததும் வீடு வீடாகப் போய்க் கண்ணாடிகளைப் பார்ப்பார். கதவைத் திறந்துவிடுவார்கள், வாங்க என்று சொல்ல மாட்டார்கள். அவரும் அதற்காக முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒருமுறை, "தப்புப் பண்ணிட்டோம்னு உங்களுக்குத் தோணலையா?" என்று நேராகவே கேட்டேன். "தெனமும் தோணுது" என்றார். "ஆனா தோணுறது வேற, தெரியிறது வேறல்ல?"

மூன்று மாதம் முடியவில்லை. ஒரு நண்பகல், வெடிச் சத்தம் அடங்கிய சற்று நேரத்தில், அத்தை வீட்டுச் சமையற்கட்டுச் சுவர் சரிந்தது. அத்தை தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தார். அடுப்பும் அரிசிப் பானையும் செங்கலுக்கு அடியில் போயின. கருவி அதிர்வைப் பதிந்திருந்தது; அன்று காலைவரை மற்ற வீடுகளில் உடைந்த கண்ணாடிகளின் விவரமும் வெடி நேரங்களோடு பொருந்தி நின்றது. இந்த முறை அவர் அறிக்கையில் தயக்கம் இல்லை. அடுத்த சில வாரங்களில் வெடிக்குத் தடை வந்தது. 'சொல்லால் மலையைக் காத்த எங்கள் குலக்கொழுந்தே' என்று ஊர் முகப்பில் எனக்குப் பிளெக்ஸ் வைத்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்தபடி நான் கையை உயர்த்தி நிற்கும் படம். நன்றாகத்தான் இருந்தது. அவர் பெயர் அதில் எங்கும் இல்லை.

தடை வந்த அன்று மாலை அவர் அத்தை வீட்டுக்கு வந்தார். நானும் இருந்தேன். அத்தை முழுசாக மிஞ்சிய செங்கற்களைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அன்னிக்கு ஒரு வார்த்த சொல்லியிருந்தா என் அடுப்படி நின்னுருக்கும்ல?"

"தெரியலக்கா."

"இன்னுமா தெரியல?"

"நின்னுருக்கும்னுதான் நெனக்கிறேன். அன்னிக்கு எனக்குத் தெரியாது."

"எங்களுக்குத் தெரியும்ல. தெருவே நின்னு பாத்துச்சு. எங்க கண்ணுல நம்பிக்கை இல்ல உங்களுக்கு. கண்ணாடித் துண்டுலதான் நம்பிக்கை."

நான் ஏதேனும் சொல்லலாமா என்று பார்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் பேசத் தெரிந்த எனக்கு அங்கே ஒரு பக்கத்துக்கும் சொல் வரவில்லை. பிறகு அவர் பார்வை வீட்டுக்குள் போனது. சரிந்த சுவரை ஒட்டி நின்ற பக்கச் சுவரையும் அதன் ஓரத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலையும் பார்த்தார்.

"அக்கா, அந்தச் சுவத்தோரம் இனிமே படுக்காதீங்க. அது விழுந்துரும்."

அத்தை முதல்முறையாக நிமிர்ந்தார்.

"அளந்தீகளா?"

"இல்ல."

அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தார். செங்கலைக் கீழே வைத்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். மறுபக்கத்தை அவர் தூக்கினார். இருவரும் பேசாமல் அதை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டார்கள்.

அடுத்த வாரமே அவர் வேறொரு பிளவை அளக்க வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்தச் சுவர் விழவில்லை. ஆடிக் காற்று அடித்து ஓய்ந்தது. ஐப்பசி மழை பெய்து தீர்ந்தது. சுவர் இன்றும் நிற்கிறது. மூக்காயி அத்தை அதன் ஓரத்தில் ஆட்டைக்கூடக் கட்டுவதில்லை.